செங்கடற்கரையில் ஒரு தமிழ் அடுக்களை

ஒரு சமுதாயத்தின் வரலாற்றுக்குள் அரண்மனை வாயில் வழியாகவும் செல்லலாம்; அடுக்களை வாயில் வழியாகவும் செல்லலாம். முன்னது நமக்கு நன்கு பழகிய வழி. மன்னர், போர், கொடை, கோயில் என்று அவ்வழியிலேயே நெடுங்காலம் நடந்துவிட்டோம். பின்னதில் நடமாட்டம் குறைவு. தமிழர் கடல் கடந்து வணிகம் செய்த வரலாறும் இதற்கு விலக்கன்று. யவனர் கொணர்ந்த பொன்னையும், நாம் கொடுத்த மிளகையும் முத்தையும் எண்ணி எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். அக்கப்பலில் சென்றவன் மறுகரையில் என்ன உண்டான், எந்தப் பானையில் சமைத்தான், எத்தனை நாள் அங்கே காத்துக் கிடந்தான் என்று கேட்பது அரிது. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்வினாவைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடை எகிப்து நாட்டில் கிடைக்கிறது.

கொஷரி என்னும் உணவு

எகிப்தின் தலைநகராகிய கெய்ரோவில் பேட்டைதோறும் சிற்றுணவகங்கள் உண்டு. அவற்றில் எளியோர் விரும்பி உண்பது கொஷரி. சோறு, மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் அடுக்கி, தக்காளிக் குழம்பை ஊற்றி, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயத்தை மேலே தூவித் தருவர். பூண்டும் காடியும் கலந்த சாறும், மிளகாய்ச் சாறும் மேசையிலேயே இருக்கும். வேண்டுவோர் வேண்டுமளவு ஊற்றிக்கொள்வர். இறைச்சி சேராத உணவு, விலையும் குறைவு. கூலியாளும் மாணவரும் அலுவலரும் அருகருகே அமர்ந்து உண்பர்.

இந்த ஒரு கிண்ணத்தில் பல நாடுகளின் வரலாறு அடங்கியிருக்கிறது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. கொலம்பசு 1492-இல் கடல் கடந்த பின்னரே பழைய உலகுக்கு வந்தவை. மக்ரோனி இத்தாலியருடையது. பெயரோ நம் நாட்டினது. கொஷரி என்பது கிச்சடி என்பதன் திரிபு என்பது உணவு வரலாற்று ஆய்வாளர் பலரின் கருத்து. 14-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, பச்சைப்பயற்றை அரிசியோடு வேகவைத்து நெய்யிட்டு உண்ணும் கிஷ்ரி இங்கே காலை உணவாக இருந்ததைக் குறித்துள்ளார். முதல் உலகப்போரின்போது சூயசுக் கால்வாயைக் காக்க இந்தியப் படைகள் எகிப்தில் நிறுத்தப்பட்டன. அப்படையினர் வழியாகவும் இவ்வுணவு அங்குப் பரவியிருக்கக்கூடும் என்பர். பச்சைப்பயறு போய் மைசூர்ப் பருப்பு வந்தது. நெய் போய்த் தக்காளிக் குழம்பு வந்தது. ஆயினும் பெயர் நின்றுவிட்டது.

கிச்சடி செங்கடலைக் கடந்தது ஒப்புநோக்க அண்மைக்காலச் செய்தியே. அதற்கு நெடுங்காலம் முன்னரே, இன்றைக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர், அதே எகிப்தின் கடற்கரையில் இந்திய அரிசியும் பயறும் இருந்தன. தமிழில் எழுதத் தெரிந்தவர்களின் கலங்களும் அங்கிருந்தன. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

காற்றுக்குக் காத்திருந்தோர்

எகிப்தின் செங்கடற்கரையில் அக்காலத்தே இரு துறைமுகங்கள் சிறந்து விளங்கின. ஒன்று மியோஸ் ஹோர்மோஸ். இன்று குசேர் அல்-கதீம் என வழங்கும் இடம். மற்றொன்று அதற்குத் தெற்கே உள்ள பெரெனிகே. எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நிறுவித் தன் தாயின் பெயரைச் சூட்டிய ஊர். மியோஸ் ஹோர்மோசிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் செல்வதாகக் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் எகிப்துக்கு வந்த நிலநூலார் ஸ்ட்ராபோ எழுதியுள்ளார்.

இக்கடல்வழியின் உண்மையான அரசன் காற்று. கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி இதன் கணக்கைத் தெளிவாகத் தருகிறார். எகிப்திலிருந்து கப்பல்கள் நடுக்கோடையில் புறப்படும். 30 நாளில் அரேபியக் கரையை அடையும். அங்கிருந்து 40 நாளில் முசிறியைச் சேரும். இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்கள் டிசம்பரிலோ, தவறினால் ஜனவரி நடுப்பகுதிக்குள்ளோ பாய் விரிக்க வேண்டும். நம் வழக்கில் சொல்வதானால், மார்கழியில் வாடைக்காற்றோடு புறப்பட்டவன் மாசி, பங்குனி அளவில் எகிப்தை அடைவான். அவனை மீண்டும் ஊருக்குக் கொணரும் தென்மேற்குக் காற்று ஆடியில்தான் வாய்க்கும். இடையில் ஏறத்தாழ நான்கு மாதம். வணிகம் சில நாளில் முடிந்திருக்கலாம்; காற்று வராமல் கலம் நகராது.

அவ்வாறு காத்திருந்த ஊரும் வளமான ஊரன்று. பெரெனிகேயைச் சுற்றி இருந்தது பாலை. குடிநீரும் தொலைவிலிருந்தே வந்தது. நீர் வழங்கியதற்கான கணக்கெழுதிய ஓடுகள் அங்கே கிடைத்துள்ளன. நைல் ஆற்றங்கரையில் உள்ள கோப்டோஸ் நகருக்குச் செல்லப் பெரெனிகேயிலிருந்து 12 நாள் பயணம். வெப்பத்துக்கு அஞ்சிப் பெரும்பகுதி வழியை இரவிலேயே கடந்தனர் என்கிறார் பிளினி. கோதுமையும் எண்ணெயும் மதுவும் ஒட்டகங்களின் முதுகில் அவ்வழியே துறைமுகங்களுக்கு வந்தன. நிகானோர் என்பவரின் குடும்பத்தார் இவ்வாறு ஒட்டகச் சுமை நடத்திய கணக்கோடுகள் கோப்டோசில் கிடைத்து, இன்று ஆய்வாளருக்கு அரிய சான்றாக விளங்குகின்றன.

ஆக, காற்றுக்குக் காத்திருக்கும் மாலுமிக்கு அங்கே கிடைத்தது கோதுமை ரொட்டியும் செங்கடல் மீனும் ஆகும். நெல்லுச்சோறு உண்டு வளர்ந்தவன் நான்கு மாதம் என்ன செய்வான்? தன் ஊர்ப் பானையை எடுப்பான்; தான் கொணர்ந்த அரிசியை உலையில் இடுவான். இது வெறும் ஊகமன்று. அகழாய்வு இதற்குச் சான்று தருகிறது.

ஓடுகள் உரைக்கும் பெயர்கள்

குசேர் அல்-கதீமில் 1978-க்கும் 1982-க்கும் இடையே சிகாகோ பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தனர். அப்போது கிடைத்த பானை ஓடுகள் இரண்டில் தமிழ்-பிராமி எழுத்துகள் இருந்தன. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கணன், சாதன் எனப் படித்தார். பெரெனிகேயில் 1995-இல் கிடைத்த சாடி ஓடொன்றில் கொற்றன் என்னும் பெயரைக் கண்டார். இம்மூன்றும் கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை. சாத்தன், கொற்றன் என்பன சங்க இலக்கியம் பயின்றோர்க்குப் புதிய பெயர்கள் அல்ல. புலவர் பெயர்களிலேயே பலமுறை நாம் கண்டவை. பெரும்பட்டம் ஏதும் தாங்காது கலத்தின் தோளில் பெயரை மட்டும் கீறிச் சென்ற இவர்களே, எகிப்து மண்ணில் நாம் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய பழந்தமிழர்.

இவற்றினும் சிறந்த ஓடு பின்னர் கிடைத்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பீக்காக், லூசி புளூ ஆகியோர் 1999 முதல் 2003 வரை அதே குசேர் அல்-கதீமில் நடத்திய அகழாய்வில் உடைந்த சேமிப்புப் பானை ஒன்று கிடைத்தது. அது இந்தியாவில் வனையப்பட்டது என மட்கல ஆய்வாளர் ரொபேர்ட்டா டாம்பர் கண்டறிந்தார். பானையின் இரு பக்கங்களிலும் ஒரே தொடர் கீறப்பட்டிருந்தது. அதை மகாதேவன் ‘பானை ஒறி’ எனப் படித்து, உறியில் தொங்கவிடும் பானை எனப் பொருள் கண்டார்; எழுத்தமைதி கொண்டு கி.மு. முதல் நூற்றாண்டினது எனவும் கணித்தார். இச்செய்தி 2007-இல் வெளியாயிற்று.

உறி என்பதை இன்றைய இளைஞர் பலர் கண்டிரார். கயிற்றால் வலைபோற் பின்னி, கூரை வளையிலிருந்து தொங்கவிட்டு, பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் பாலையும் தயிரையும் காத்த அமைப்பு அது. கலித்தொகை காட்டும் துறவியரின் கரகம் உறியில் தொங்குகிறது. பெரியாழ்வார் பாடிய கண்ணன் உறியிலுள்ள வெண்ணெயைத் தேடுகிறான். அசைந்தாடும் கப்பலின் உட்புறத்தில் பானை உருண்டு உடையாதிருக்க இதனினும் ஏற்ற வழி வேறில்லை. கல்லில் மெய்க்கீர்த்தி பொறித்த மரபில் வந்தவர் நாம். ஆயினும் அயல்நாட்டு மண்ணில் கிடைத்த மிகப் பழைய தமிழ்த் தொடர்களுள் ஒன்று அரசன் புகழைக் கூறவில்லை. ஒரு பானை எங்கே தொங்க வேண்டும் என்பதையே கூறுகிறது. தமிழ் பயிற்றுவிப்போரும் பாவலரும் நின்று சிந்திக்கவேண்டிய இடம் இது.

அடுக்களையில் கிடைத்தவை

பெரெனிகேயில் 1994 முதல் ஸ்டீவன் சைடுபாதம், வில்லெக்கெ வெண்டிரிக் ஆகியோர் தலைமையில் நடந்த அகழாய்வு மண்ணைச் சல்லடையிட்டுச் சலித்து விதைகளையும் தேடிய ஆய்வு. பாலையின் வறட்சியே அவ்விதைகளைக் கெடாது காத்தது. செரபிஸ் தெய்வத்தின் கோயில் முற்றத்தில், தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு 1999-இல் கிடைத்தது. உலகச் செய்தித்தாள்கள் இதையே பெரிதாக எழுதின. ஒரு ராத்தல் கருமிளகு 4 தினார் விலை பெற்றதைப் பிளினி கூறுவதால், அச்சாடியைச் செல்வமாகக் கருதுவது இயல்பே.

ஆனால் அடுக்களை வரலாற்றுக்கு மிளகினும் சிறந்த சான்றுகள் வேறு சில. அரிசி, பச்சைப்பயறு, தேங்காய் ஆகியவையும் அதே ஊரில் கிடைத்தன. மிளகை உரோமர் பெருவிலை கொடுத்து வாங்கினர். அது வணிகப் பண்டம். பச்சைப்பயற்றை அவ்வாறு வாங்குவார் இலர். செங்கடல் வணிகத்தை விரிவாகக் கூறும் பெரிப்புளூஸ் என்னும் கிரேக்க வழிநூலின் பண்டப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. எனவே பயறு விற்பதற்கன்று, உண்பதற்கே கடல் கடந்தது எனக் கொள்வது பொருந்தும்.

சமையற் பானைகளும் இதையே உறுதி செய்கின்றன. இந்தியாவில் வனைந்த சமையற் பானைகள் இவ்விரு துறைமுகங்களிலும் கிடைத்துள்ளன. சோறாக்கும் மண்பானையைக் கடல் கடந்து கொண்டுபோய் விற்று எவரும் ஊதியம் காண்பதில்லை. அப்பானை சென்றதெனில் அதில் சமைப்பவனும் உடன் சென்றான் என்பதே பொருள். இந்தியர் அங்கே வந்து போனதோடு நில்லாது தங்கியும் வாழ்ந்தனர் என்பதற்கு ரொபேர்ட்டா டாம்பர் முதலிய ஆய்வாளர் இப்பானைகளையே சான்றாகக் காட்டுவர்.

அரிசி, பயறு, மிளகு ஆகிய மூன்றும் ஒரே ஊரில் இருந்தன என்று படிக்கும்போது தமிழ் வாசகரின் நினைவு வெண்பொங்கலுக்கு ஓடும். அந்நினைவு இனியது, எனினும் அதை வரலாறு ஆக்கிவிடலாகாது. மூன்றையும் ஒரே பானையில் இட்டார்கள் என எந்த ஓடும் கூறவில்லை. கிடைத்ததே நமக்குப் போதுமானது. எகிப்து நாகரிகமே நம்முடையது, பிரமிடு கட்டியவர் நம்மவர் என்றெல்லாம் மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். சான்றில்லாத அப்பெருமை ஒரு பானைக்கு ஈடாகாது. உறியில் தொங்கிய பானை உண்மை. அவ்வுண்மையின் மேல் நின்று பேசுவோர்க்கு எவர் முன்னும் நா தழுதழுக்க வேண்டியதில்லை.

அங்கிருந்தோர் தமிழர் மட்டுமல்லர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. குசேர் அல்-கதீமிலேயே பிராகிருத மொழியில் எழுதிய ஓடொன்று கிடைத்தது. ரிச்சர்ட் சாலமன் ஆராய்ந்த அவ்வோட்டில் மூவர் பெயரும், எண்ணெய், இறைச்சி, மது ஆகிய பொருள்களும் குறிக்கப்பட்டுள்ளன. இன்று உணவகத்தில் தரும் கணக்குச் சீட்டுக்கு முன்னோடி எனலாம். பெரெனிகேயில் புத்தர் சிலையும், வடமொழியும் கிரேக்கமும் சேர்ந்த கி.பி. 3-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் கிடைத்த செய்தி 2023-இல் வெளியாயிற்று. பல மொழி பேசுவோர், பல தெய்வம் தொழுவோர், பல சுவை உண்போர் ஒரே சிற்றூரில் காற்றுக்குக் காத்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்தில் பன்மொழி மாந்தர் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பாடுகிறது. அப்படியொரு பட்டினத்தின் சிறிய வடிவம் செங்கடற்கரையிலும் இருந்தது.

இக்கரையின் பந்தி

இனி நம் கரைக்கு மீள்வோம். படாளத்துக்கு அருகே ஓடும் பாலாறு கடலோடு கலக்குமிடத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, வயலூரும் வசவசமுத்திரமும் உள்ளன. முன்னது பல்லவர் மரபு வரிசையைக் கூறும் இராசசிம்மன் கல்வெட்டால் புகழ்பெற்றது. பின்னதில் 1970-ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு செய்து, உறைகிணறுகளையும், ரௌலட் எனப்படும் வரிக்கோலமிட்ட கலங்களின் ஓடுகளையும், ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகளையும் வெளிப்படுத்தியது. ஆம்போரா மேலை நாட்டு மதுவும் எண்ணெயும் அடைத்து வந்த சாடி. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போராக்களை ஆராய்ந்தோர், மதுவும் ஒலிவ எண்ணெயும் மட்டுமன்றி, உரோமர் விரும்பி உண்ட கரும் என்னும் மீன்சாறும் வந்ததைக் கண்டனர். மதுவை நம் மன்னரும் பருகினர். யவனர் கொணர்ந்த மதுவை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் குறிக்கிறார். மீன்சாறோ இங்குத் தங்கிய யவனருக்கே வேண்டியதாக இருந்திருக்கும். கொற்றன் எகிப்தில் சோற்றுக்கு ஏங்கியதுபோல, எவனோ ஒரு யவனன் நம் கரையில் தன் ஊர் மீன்சாற்றுக்கு ஏங்கினான்.

நம் கரை அயலானுக்கு என்ன இட்டது என்பதைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய இந்நூல், 500 அடிகளில் இத்தொண்டை நாட்டையே நடந்து காட்டுகிறது. பாணன் செல்லும் வழியெங்கும் உணவு. எயினர் குடியில் புல்லரிசிச் சோறும் உலர்ந்த இறைச்சியும். அதைச் சமைப்பது விளிம்பு உடைந்த பானையில், உடைந்த அடுப்பில். ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும். உழவர் இல்லத்தில் வெண்ணெற் சோறும் கோழியும். வலைஞர் குடியில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் இல்லத்தில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயோடு மிளகும் கறிவேப்பிலையும். இடையே கரும்பாலைகளில் பிழிந்த சாறு. படாளத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை அறிந்த நமக்கு இக்காட்சி அயலானதன்று. பின்னர் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினம். அங்கே கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் விளக்கு எரிகிறது. அப்பட்டினத்தை மாமல்லபுரமாகக் கருதும் அறிஞரும் உளர். வந்தவன் யார் என வினவாமல், உள்ளதை இட்டு அனுப்பும் நிலமாகவே புலவர் நம் மாவட்டத்தைக் காண்கிறார். இங்கே காட்டப்படும் உணவுகளுள் பெரும்பாலானவை எளியோர் உணவு என்பது நோக்கத்தக்கது. உடைந்த பானையும் பாட்டுக்குரியது என அவர் கருதினார்.

பாலையின் மறுபக்கம்

பல ஆண்டுகளாக அகப்பாடல்களைப் பயிற்றுவிக்கும்போது என் மனத்தில் எழும் வினா ஒன்றை இங்கே வைக்கிறேன். பொருள்வயிற் பிரிந்த தலைவனைப் பற்றிய பாடல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் பேசுபவள் பெரும்பாலும் தலைவி அல்லது தோழி. அவன் கடக்கும் சுரத்தின் வெம்மை, வழிப்பறிப்போர், நீரற்ற சுனை, வாடிய யானை என எல்லாம் அவள் கூற்றில் வருகின்றன. சென்ற இடத்தில் அவன் என்ன உண்டான் என்ற செய்தி மட்டும் அரிது. கடற்பயணம் மகளிரோடு செல்லும் வழக்கமில்லை எனத் தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. ஆகவே குசேர் அல்-கதீமில் தமிழ்ப்பானை ஏறிய அடுப்பை ஊதியவன் ஆண்மகனே எனலாம். புதுமனைவி தயிர் பிசைந்த கையோடு, கண்ணில் புகை படியத் தாளித்துக் கணவனுக்கு இட்டதைக் குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு காட்டுகிறது. அக்கணவன் போன்ற ஒருவன் செங்கடற்கரையில் தன் கண்ணிலேயே புகை படியச் சமைத்த காட்சிக்குப் பாட்டு இல்லை. பானை ஓடு இருக்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. கார்காலத்தில் திரும்புவேன் என்பது சங்கத் தலைவனின் வாக்கு. ஆடியில் எகிப்தை விட்ட கலம், பிளினியின் கணக்குப்படி 70 நாளில், புரட்டாசி அளவில் சேரநாட்டுக் கரையைச் சேரும். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். அகப்பாடல்கள் கடலோடியைக் கருதியே பாடப்பட்டன என நான் கூறவில்லை. முல்லைத் தலைவன் பெரும்பாலும் போர்வினை முடித்துத் திரும்புபவனே. ஆயினும், மழைமுகிலைத் தலைவி நோக்கிய அதே பருவத்தில், அம்முகிலைக் கொணரும் அதே காற்றால் கலங்களும் கரை சேர்ந்தன. அவள் இங்கே கார் நோக்கியிருந்தாள்; அவன் அங்கே காற்று நோக்கியிருந்தான். இரண்டும் ஒன்றே. பாலைத்திணையின் ஒரு பாதியை நம் புலவர் பாடினர். மறுபாதி எகிப்தின் மணலில் ஓடுகளாகக் கிடந்தது.

பாவலர்க்கு ஒரு வேண்டுகோள்

இந்நூற்றாண்டிலும் நம்மவர் பொருள்வயிற் பிரிகின்றனர். செங்கல்பட்டு மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் பலர். ஒப்பந்தக் காலம் முடியும்வரை காத்திருக்கும் அவர்கள், விடுமுறை நாளில் ஓர் அறைக்குள் கூடிச் சோறாக்குகின்றனர். பெட்டியில் அரிசியும் பருப்பும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கும் தாயார் இன்றும் உளர். கடல்வணிகப் பெருமையைப் பாடும் நாம் இவர்களைப் பாடுவது குறைவு. 2000 ஆண்டுகளுக்கு முன் கலத்தில் பெயர் கீறிய சாத்தனுக்கும் இவர்களுக்கும் இடையில் மாறியது கப்பலின் வடிவே.

நம் வட்டத்தில் கவிஞர் பலர் உளர். முத்தையும் பொன்னையும் பாடிய பாட்டுகள் நம்மிடம் நிரம்ப உள்ளன. பானையைப் பாடுக. உறியைப் பாடுக. பாலாற்று முகத்துவாரத்தின் மணலில் ஓர் ஓடு தென்படுமாயின், அதை எடுத்துச் செல்லாமல் கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்குமாறு நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க. இடம் பெயர்ந்த ஓடு வாயிழந்த சான்று. யாரோ ஒருவன் பசியாறிய கதை அதில் எழுதப்பட்டிருக்கக்கூடும். அதைப் படிக்க நம் மொழி அறிந்தவர் வேண்டும். அத்தகையோரை ஆக்குவதே இலக்கிய வட்டங்களின் பணி. பத்தாண்டுகளாக அப்பணியைச் செய்துவரும் நம் வட்டம், இன்னும் பல பத்தாண்டு அதைத் தொடர்ந்து செய்வதாகுக.